வட்டம் விழாத தட்டு

1. கண்ட்ரோல்

மைசூரு ஆஸ்பத்திரி லேப் ஒன்றில் கல்ச்சர் பார்ப்பது, அதாவது நோயாளியின் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது, என் வேலையாக இருந்தது. தட்டில் வைக்கும் மருந்து தோய்த்த சின்ன வில்லையான டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கும். அன்றைய தட்டில் ஆறு டிஸ்க்; ஒரு வட்டம்கூட இல்லை. கிருமி பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது.

"டிஸ்க் காலாவதி! டேட் பாத்து எடுக்க மாட்டியா?" என்று கூட வேலை செய்த சுமாவைத் திட்டித் தீர்த்தேன். மருந்து கேட்கும் என்று முன்பே தெரிந்த கிருமியில் அதே டிஸ்க்குகளை வைத்த கண்ட்ரோல் தட்டை அவள் நீட்டினாள். அதில் வட்டங்கள் ஜோராக விழுந்திருந்தன. மன்னிப்புக் கேட்டேன்.

சாம்பிள் ருக்மணியம்மாவின் கால் புண்ணிலிருந்து வந்தது. சர்க்கரைக்காரர். பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் சர்ஜன். இன்னும் ஆறு மருந்து வைத்தோம். ஒன்றுக்கு மட்டும் வட்டம் விழுந்தது! ரிப்போர்ட் டைப் செய்யும்வரை பொறுக்காமல் சர்ஜனுக்குப் போனிலேயே சொன்னேன். பாதம் தப்பியது.

2. எரு

இப்படி மருந்துக்கு அடங்காத கிருமி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் ஒட்டும்; அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருக்கு எப்படி வந்தது? டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது கேட்டேன்.

"பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரரு சும்மாவே எரு தருவாரு மேடம். கீரைப் பாத்தில கொட்டி வெறுங்கால்ல மிதிச்சு விடுவேன்."

பண்ணைக்காரர் பழனிச்சாமி, தமிழ்நாட்டு எல்லையோர ஹனூரிலிருந்து வந்தவர். கேட்டதுமே பொங்கினார். "ஏனுங்க, நல்லது பண்ணுனா என்னையவே குத்தம் சொல்றீங்களா?"

எருவை வாங்கி வந்து டெஸ்ட் செய்தேன். அவரை லேபுக்கு வரவழைத்து ருக்மணியம்மாவின் தட்டையும் எருவின் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். "உங்க எருவுலேருந்துதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ரெண்டு கிருமியும் மருந்துக்கு ஒரே மாதிரி அடம் பிடிக்குது. கோழிக்கு என்ன குடுக்கறீங்க?"

அவர் குரல் இறங்கியது. "நோவு வராம இருக்கட்டும்னு குஞ்சு வந்த நாள்லயே தண்ணில மருந்துப் பவுடர் கலந்துருவனுங்க. தீவனம் விக்கறவரு சொன்னாரு." தட்டைப் பார்த்தபடியே, "அந்தம்மா காலு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றார். என் கோபமெல்லாம் போயிற்று.

3. வட்டம்

ஓயாமல் மருந்தைப் பார்க்கும் கிருமி அதற்குப் பழகி அடங்காமல் போய்விடும் என்று விளக்கியதும் பவுடரை நிறுத்தினார். கோழிக்கு நோய் வந்தால் மட்டும், கால்நடை டாக்டர் சீட்டோடு மருந்து. எருவை மூடி மக்கவைத்த பிறகே யாருக்கும் கொடுத்தார். ஒரு வருஷம் கழித்துப் புது எருவை டப்பாவில் போட்டு அவரே கொண்டுவந்தார். முன்பு ஒன்றுக்கு மட்டும் விழுந்த இடத்தில் இப்போது மூன்று மருந்துக்கு வட்டம் விழுந்தது.

"அட, விழுந்திருச்சுங்கோ!" என்று கத்தினார். நானும் சுமாவும் வெட்கமில்லாமல் கைதட்டினோம்.

இப்போது லேபில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட்டில் கிருமியின் பெயருக்கு இடம் உண்டு. நோயாளி எங்கே குடியிருக்கிறார், எதை மிதிக்கிறார் என்பதற்கு இடம் கிடையாது. அதை வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் ரிடயர் ஆன அன்று ருக்மணியம்மா ஒரு கட்டுக் கீரையோடு மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்ட் இருக்கிறதே என்றேன்.

"எதுக்கு மேடம்? ரெண்டு காலு இருக்குல்ல!"