தலைமாட்டில் வைத்த கடிதம்

பழைய கடிதம் வாசிக்கத் தெரிந்தவள் என்று ஊரில் பேர் எடுத்துவிட்டால் அதோடு நிம்மதி போய்விடும். என் கைபேசியில் கல்யாணப் படங்களைவிடச் செல்லரித்த தாள்களின் படங்கள்தான் அதிகம். கல்முனையிலிருந்து வரும், அக்கரைப்பற்றிலிருந்து வரும், கொழும்பில் குடியேறியவர்களிடமிருந்தும் வரும். படத்தின் பாதியில் அனுப்பியவரின் பெருவிரல் இருக்கும், மிச்சப் பாதியில் நிழல் விழுந்திருக்கும். கூடவே ஒரு குரல்பதிவு: "டீச்சர், இது எங்கட மூத்தவாப்பாட காணி உறுதியா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க." இத்தனை வருடத்தில் ஒன்றுகூடக் காணி உறுதியாக, நிலப் பத்திரமாக, இருந்ததில்லை. அதைச் சொன்னால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று முடிவுகட்டி வேறு ஆளைத் தேடுவார்கள்.

அவை பெரும்பாலும் கடிதங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் கரையோரத்து முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். பேச்சு தமிழ், எழுத்து அரபு. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் லெவ்வையைப் பிடித்து எழுதுவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த காலத்தில் ஒரு பிடிவாதத்தில் நான் அதை வாசிக்கப் பழகினேன். துரைமாரைப் பற்றியும் ராணியைப் பற்றியும் ஏதாவது எழுதியிருப்பார்கள் என்று ஆரம்பத்தில் தேடினேன். ஒருவரும் எழுதவில்லை. மழை முந்தியதை எழுதினார்கள், மாட்டுக்கு வந்த நோயை எழுதினார்கள், வாந்திபேதியில் பக்கத்து வளவு காலியானதை எழுதினார்கள். வீட்டுக்கு வந்து சொல்லாமல் ஆளனுப்பிக் கல்யாணத்துக்கு அழைத்ததற்காக ஒரு மாமி கோபித்துக்கொண்டு முழுத்தாள் எழுதுவித்திருக்கிறா. அந்த மாமியை எனக்கு நிரம்பப் பிடிக்கும். எங்கள் ஊரில் இன்றும் அவ இருக்கிறா, நாலைந்து பேராக.

ஊரார் வீட்டுத் தாள்களையெல்லாம் வாசித்த நான் எங்கள் வீட்டுத் தாளை மட்டும் வாசித்ததில்லை. சாய்ந்தமருதில் எங்கள் உம்மாவின் அலுமாரியில் ஒரு முடிச்சு இருந்தது. பச்சைப் பட்டுத் துண்டு, நூலால் இறுக்கிய கட்டு, உள்ளே அரபு எழுத்தில் ஒரு தாள், ஏதோ துஆ, அதாவது பிரார்த்தனை, என்று சொல்லக் கேள்வி. எங்கள் தாய்வழியில் யாருக்குப் பிள்ளை பிறக்கும் நேரம் வந்தாலும் அந்த முடிச்சை அவளுடைய தலைமாட்டில் வைப்பார்கள். பிறந்த பிள்ளையின் நெற்றியில் ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். உளூ எடுக்காமல், அதாவது தொழுகைக்குப்போல் கைகால் கழுவிச் சுத்தமாகாமல், அதைத் தொடக்கூடாது. அவிழ்க்கவே கூடாது.

அரபு எழுத்து என்றால் எங்களுக்கு அப்படியொரு மரியாதை. தெருவில் கிடந்தால் எடுத்து முத்தமிட்டு, கால் படாத இடத்தில் வைப்போம். பேரீச்சம்பழப் பெட்டியின் மூடியைக்கூட உம்மா குப்பையில் போட்டதில்லை. சுனாமி வந்த அன்று நகைப்பெட்டியை விட்டுவிட்டு முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் ஓடினா. நகை கடலோடு போனது, உம்மாவும் முடிச்சும் தப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

உம்மாவின் வீடு என் ராத்தாவுக்கு, அதாவது என் ஒரே மூத்த சகோதரிக்கு, முன்பே சீதனமாகிவிட்டது. உம்மா மவுத்தான பிறகு முடிச்சும் அவவின் கைக்கு வந்தது. ராத்தாவுக்கு ஒரு மகள். அவளுடைய மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. மகளுக்கு இரண்டு பிள்ளைகள் தவறிப்போயின, இரண்டும் ஆசுபத்திரியில். இரண்டு முறையும் அவசரத்தில் ஓடியதில் முடிச்சு வீட்டிலேயே கிடந்தது. அதனால்தான் அப்படி ஆனது என்று ராத்தா உறுதியாக நம்பினா. நான் எதிர்த்துக் கதைத்தபோது, "நீ படிச்சவள்தானே, அப்ப ஏன் மவுத்தாச்செண்டு நீயே சொல்லு" என்றா.  டொக்டர்மாரும் காரணம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவது முறை மாதம் நெருங்கியபோது மகளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. உடனே வந்து ஆசுபத்திரி வாட்டில் தங்க வேண்டும், வெட்டித்தான் பிள்ளையை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். முடிச்சை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகலாமா என்று ராத்தா கேட்டிருக்கிறா. ஏலாது என்றார்கள். அவ்வளவுதான், ராத்தா மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு எனக்கு அழைத்தா.

"நீ வந்து அத அவுத்துப் பாத்து, அதில இரிக்கிற துஆவ எழுதித் தா. நான் பாடமாக்கி, தியேட்டர் வாசல்ல நிண்டு ஓதுறன். பாடமாகுற மட்டும் புள்ள வீட்டில இரிக்கட்டும்."

"ராத்தா, அவளுக்குப் பிரஷர். விளையாட்டில்ல."

"ரெண்டு புள்ளயப் பறிகுடுத்த ஆளுக்கு நீ விளையாட்டுக் கதைக்கிறாய் என்ன?"

பின்னேரத்து அசர் தொழுதுவிட்டுப் போனேன். மகள் உள்ளறையில் இடப்பக்கம் சரிந்து படுத்திருந்தாள். முகமும் வீங்கியிருந்தது. மாப்பிள்ளை கட்டாரிலிருந்து வீடியோவில் அழைத்து, உம்மா சொல்வதைக் கேள் என்கிறான், டொக்டர் சொல்வதைக் கேள் என்கிறான், இரண்டையும் ஒரே மூச்சில். "சாச்சி, தல இடிக்கிது" என்றாள்.  தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் தாயை மீறி அவள் எழுந்து வரமாட்டாள், அது எனக்குத் தெரியும்.

முன்னறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து ராத்தா முடிச்சை வைத்திருந்தா. இருவரும் உளூ எடுத்துக்கொண்டோம். நூலை அவிழ்க்க முடியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டும்போது ராத்தா கண்ணை மூடிக்கொண்டா. நாலாக மடித்த ஒரு தாள். மடிப்பில் கிழிந்திருந்தது, மை பழுப்பாகியிருந்தது, ஆனால் லெவ்வையின் கை நல்ல தெளிவான கை. முதல் வரியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது துஆ இல்லை. கடிதம்.

மனதுக்குள் முழுவதையும் வாசித்தேன். தவளம் என்று அந்தக் காலத்தில் சொன்ன பொதிமாட்டுக் கூட்டத்தோடு, உப்பும் கருவாடும் ஏற்றிப் பதுளை மலைக்குப் போன ஒரு மனிதனுக்கு அவனுடைய மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், எழுதுவித்தது. ஹிஜ்ரி வருடத்தைக் கணக்குப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பாகம்.  இதை ராத்தாவுக்குச் சொன்னால் அவவின் நெஞ்சு தாங்குமா? உள்ளே படுத்திருப்பவள் கேட்டால் என்ன ஆவாள்? சொல்லாமல், துஆதான் என்று ஏதாவது எழுதிக் கொடுத்தால் ராத்தா ஆறுதலாக உட்கார்ந்து பாடமாக்குவா, மகளின் தலைவலி ஏறிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

"என்ன எழுதியிரிக்கி?"

"இது கடுதாசி, ராத்தா."

"கண்ணாடியப் போட்டு ஒழுங்காப் பாரு."

"கண்ணாடி போட்டுத்தான் இரிக்கன்."

"நீ என்னய ஏமாத்திப் புள்ளய ஆசுபத்திரிக்கு அனுப்பப் பாக்கிறாய்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளும் பொழுதும் குர்ஆன் ஓதுகிற மனிசி. எழுத்து ஒவ்வொன்றும் அவவுக்குத் தெரியும். அரபு எழுத்தென்றால் ஓதுவதற்கு, விளங்குவதற்கல்ல என்று பழகிப்போனதால், இதை அவிழ்த்து வாயால் கூட்டிப் பார்க்கலாம் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவேயில்லை. தாளை அவவின் பக்கம் திருப்பினேன். "நீங்களே ஓதுங்க. அரபுல இல்லாத, புள்ளி கூடின எழுத்து வந்தா நான் சொல்லித்தாறன்" என்றேன்.

ராத்தா முக்காட்டைச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, குர்ஆன் ஓதுகிற அதே ராகத்தில் ஆரம்பித்தா. ஸலாம் வந்தது. அடுத்த சொல்லைக் கூட்டினா. "ம... ச்சா... னு... க்கு." நின்றா. திரும்ப ஒருமுறை கூட்டினா.

"புள்ள, இது தமிழ்."

"ஓம் ராத்தா. முழுக்கத் தமிழ்தான்."

"இவ்விடம் யாவரும் ஸலாமத்து. அவ்விடம் உங்கள் சுகத்துக்கு எழுதவும்." மழை முந்திவிட்டது, கீழ்வெளி தண்ணீருக்குள். செவலை எருதுக்குக் கால்நோய், தீனி தின்பதில்லை. ராத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "எருதா? உம்மா இதத் தொட உளூ எடுத்தாவே." ஏமாற்றத்தில் கிட்டத்தட்ட சிரித்துவிட்டா. நான் சிரிக்கவில்லை. இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் ஸலாமத்து என்று தொடங்கி, மழை சொல்லி, மாடு சொல்லி, சொல்ல முடியாததை அந்தக் காக்கா தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். கட்டாரில் இருப்பவனுக்கு இன்றும் நாங்கள் மவுத்துச் செய்தியை இப்படித்தான் சொல்கிறோம். முதலில் ஊரில் மழையா வெயிலா என்று கதைப்போம், பிறகு உம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்போம்.

ராத்தா ஓதிக்கொண்டு போனா.

"தங்கச்சிக்கு நோக்காடு கண்டது. மருத்துவிச்சியை இட்டுவர ஆற்றுக்கு அக்கரைக்கு ஆள் அனுப்ப எண்ணினோம். மழையாயிருந்தபடியால் விடியட்டும் என்று பார்த்திருந்தோம். விடிந்தபோது ஆறு பெருகித் தோணி விடவில்லை."

ராகம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. இனி வேண்டாம் என்று தாளை எடுக்கக் கை நீட்டினேன். ராத்தா என் கையைத் தட்டிவிட்டா. விரலை வரியின் கீழ் வைத்து, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல மீதியை வாசித்தா.

"தாயும் பிள்ளையும் மவுத்து. இருவரையும் ஒரே கபுறுக் குழியில் வைத்தோம். உங்களைத்தான் தேடினாள். நாங்கள் விடியட்டும் என்று பார்த்திருந்தது தப்பு. எங்களைப் பொறுத்துக்கொள்ளவும்."

மவுத்தைக் கேள்விப்பட்டால் சொல்வதை ராத்தா சொன்னா. "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." நேற்றுப் போனவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னா. பிறகு அழுதா. நானும் அழுதேன். அந்தத் தாளைப் பெண்ணின் தலைமாட்டில் முதலில் வைத்தது யார் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. மலையிலிருந்து இறங்கி வந்த அந்த மனிதன், வீட்டில் இன்னொருத்திக்கு நோக்காடு கண்டபோது, இந்தமுறை விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள் என்று சொல்ல எடுத்து வைத்தானோ என்னவோ. வாசிக்கத் தெரிந்தவர்கள் போனபிறகு தாள் மட்டும் மிஞ்சியிருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. கடிதத்தில் அது இல்லை.

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. எதைக் கேட்டாளோ அதுவும் தெரியாது.

"உம்மா, என்ன எழுதியிரிக்கி?"

 ராத்தா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தா.

"இப்பவே ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லியிரிக்கி. அபாயாவப் போடு."

பொழுது படுமுன், மஃரிப் தொழுகைக்கு முன்பே வாட்டில் சேர்த்துவிட்டோம். அன்றே பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, கைக்கடக்கமான உருப்படி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மகளுக்குப் பிரஷர் இறங்க மறுத்தது. ஒருமுறை வலிப்பு வந்து எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. நாட்கள் போய்த்தான் மகள் எழுந்து உட்கார்ந்தாள், பிள்ளையை அவள் மடியில் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் பார்த்தேன், ராத்தாவின் கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. பட்டுத் துண்டு இல்லை, முடிச்சு இல்லை. கிளினிக் பதிவுக் கொப்பியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்தா. வாட்டில் நின்ற இளம் நேர்ஸ் அதைக் கண்டுவிட்டு, ஏதும் ஓதிக்கட்டுகிற இசும்தானே, தாயத்துப்போலப் பிள்ளையில் கட்டிவிடாதீர்கள் என்றாள்.

"இசும் இல்ல மகள், கடுதாசி" என்றா ராத்தா. "எங்கட வீட்டுப் பொம்புள ஒண்டு புள்ளப்பேத்தில மவுத்தானதச் சொல்ற கடுதாசி."

நேர்ஸ் திகைத்துப்போனாள். "அத ஏன் உம்மா புள்ள பொறந்த எடத்துக்குக் கொண்டு வந்தீங்க?"

ராத்தா உறையைப் பைக்குள் வைத்து மூடினா.

"அவக்குத்தான் இஞ்ச வரக் கிடைக்கல்லயே" என்றா.