கரி பஸ்ஸைத் தள்ளிய தலைவர்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகும் பெட்ரோல் கிடைக்காததால், அரியலூர் ரயிலடியிலிருந்து பெரம்பலூருக்கு, பின்னால் கட்டிய அடுப்பில் எரியும் கரியின் வாயுவில்தான் பஸ் ஓடியது. மேட்டில் நின்றுவிட்டால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும்; முன் சீட்டுக்காரர்கள் மட்டும் இறங்கமாட்டார்கள். அன்று முன் சீட்டில், எங்கள் கூட்டத்துக்குப் பேச வந்த தலைவர் இருந்தார். பெருத்த உடம்பு, பேசுமுன்பே சிரித்துவிடுவார். பஸ் மேட்டில் நின்றது. அவரோடு முன் சீட்டுகளில் இருந்த, மேடையேறப் போகிற இளவட்டங்கள் நாங்கள், புதுக் கதர்ச் சட்டை கரியாகிவிடுமே என்று அசையவில்லை.

அவர் இறங்கினார்.

"ஐயா, நீங்க உக்காருங்க!" என்று கண்டக்டர் பதறினார்.

"இருக்கறதுல கனமே நான்தானப்பா. நான் உக்காந்துக்கிட்டா பஸ்ஸு எப்புடி ஏறும்?" என்று சிரித்தபடி தோள் கொடுத்தார்.

எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் குதித்து இறங்கினோம். மேடையில் எங்கள் கரிச் சட்டைகளைப் பார்த்து ஊரே சிரித்தது.

அதற்கப்புறம் பஸ் எப்போது நிற்கும் என்று காத்திருந்து, முந்திக்கொண்டு இறங்குவோம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களை எப்படித்தான் இறக்கினாரோ!