பின் அச்சில் இருந்த கடல்

புன்னைக்காயல் ஆண்களின் வீரத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேசக் கூடாது. காற்றுக்கும் அலைக்கும் நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள், பிளாரன்சின் ஜீப் தெருவில் திரும்பினால் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். அடுத்த வீட்டு ஜீவமணி நான்; எனக்கும் பயம்தான். ஆனால் நான் மீசையை முறுக்கவில்லை.

அது ராணுவம் கழித்துப்போட்ட ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மணலில் வள்ளம் இழுக்கவும் தூத்துக்குடிக்கு மீன் ஏற்றவும் தோதாக இருக்கும் என்று பிளாரன்சின் புருஷன் பாஸ்கல் ஏலத்தில் எடுத்தான். தன் வண்டிக்கு அடியில் அடுத்தவன் படுப்பது அவனுக்குப் பிடிக்காது. எண்ணெய் மாற்றுவதெல்லாம் அவன்தான். அவள் பக்கத்தில் குத்தவைத்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். அதில் அப்படி என்ன கண்டார்களோ, சிரிப்பு என் குசினி வரை கேட்கும்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் ஒரு விடியற்காலை, பாஸ்கல் மணலில் சிக்கிய வள்ளத்தை ஜீப்பின் பின்பக்கத்தால் தள்ளிக்கொண்டே கடலுக்குள் போனான். ஓடிச் சூடேறிய வண்டியை உப்புத் தண்ணீரில் இறக்குவது வேறெந்த ஊரிலும் நடக்காது. எங்கள் ஆட்களுக்கு வள்ளம் மிதந்தால் போதும். மிதந்ததும் ஓர் ஆள் குறைகிறது என்று அவனையே கூப்பிட்டார்கள். ஜீப்பை அலையில் அப்படியே போட்டுவிட்டு ஏறிப் போனான். மத்தியானம் காற்று வள்ளத்தைப் புரட்டியது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். பாஸ்கல் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. பின்சக்கரம் முங்கிக் கிடந்த ஜீப்பைச் சாயங்காலம்தான் கரைக்கு இழுத்தார்கள்.

பிளாரன்ஸ் அழவில்லை. ஊர் அதை வாயில் போட்டு மென்றது. அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. அவள் அங்கே ஏற்றாமல் மெழுகுவர்த்தியோடு திரும்பிவிட்டாள்.

"பொதுவுல ஏத்த அவரு என்ன அநாதையா ஜீவமணி?" என்று என்னிடம் கேட்டாள்.

ஜீப்தான் சோறு போட்டாக வேண்டும். ஓட்டுவதற்கு முத்தையாபுரத்திலிருந்து செந்தூர்பாண்டி வந்தான். மீன் கூடைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, பிளாரன்ஸ் முன்னால் உட்கார்ந்து போவாள். அடுத்த கோடையில் அந்தச் சத்தம் தொடங்கியது. பழையகாயல் தாண்டி உப்பளத்து நேர்சாலையில் வேகம் பிடித்ததும் பின்னாலிருந்து 'ஓ...' என்று நீளமாக ஒரு குரல். கரை கண்டதும் பாஸ்கல் வள்ளத்தில் நின்று அப்படித்தான் கூவுவான். ஒரு தடவை நானும் ஏறிப் போனேன்; கேட்டதும் பக்கத்துக் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிளாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பயந்தவள் முகம் இல்லை அது. வாசலில் புருஷனின் செருப்புச் சத்தம் கேட்டவள் முகம்.

ஜீப்புக்குள் பாஸ்கல்தான் கூவுகிறான் என்று ஊர் பயந்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். குரல் அடங்கவில்லை, இன்னும் கூடியது.

செந்தூர்பாண்டி நேரடியாகவே சொன்னான்: "அக்கா, பேயா பிசாசான்னு எனக்குத் தெரியாது. பின் அச்சுல ஆயில் கெட்டுப்போச்சி, அதான் ஊளையிடுது. மாத்தலன்னா உள்ள சக்கரப் பல்லு ஒடஞ்சி வண்டி படுத்துரும்."

"மாத்துனா சத்தம் போயிருமா?"

"போறதுக்குத்தான மாத்தணும்ங்கேன்!"

"அப்ப வேண்டாம்."

அவன் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஜீப் வாசலில் நின்றது, அவள் வீட்டு அடுப்பும் அதோடு அணைந்தது. மறுபடி கல்லறைத் திருநாள் நெருங்கிய ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"நின்னு கெடந்தாலும் அந்தச் சத்தம் இல்ல, ஓடணும்னாலும் இருக்கக் கூடாதுங்கான் செந்தூர்பாண்டி. எப்பிடியும் போறத என் கையாலயே அனுப்புதேன். அவரு ஊத்துன எண்ணெ, வேற ஆளு தொட வேண்டாம்."

சாக்கை விரித்து அடியில் படுத்தாள். கியர் பெட்டி, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி, முன் அச்சு என்று ஒவ்வொன்றாகக் கறுப்பு எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்றினாள். பின் அச்சைக் கடைசிக்கு வைத்தாள். அதன் நடுவே பூசணிக்காய் போலப் புடைத்த பெட்டியில் மேலே ஒரு திருகு, அடியில் ஒரு திருகு. ஊற்றுகிற மேல்திருகைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது திறக்காமல் அடியைத் திறந்தால் காலியான பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். பாஸ்கல் ஒவ்வொரு தடவையும் சொன்னது. மேல்திருகு உப்பில் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, கை தோலுரிந்த பிறகு அது அசைந்தது.

அடித்திருகைக் கழற்றியபோது நான் வெள்ளைக் கும்பாவைப் பிடித்திருந்தேன். எண்ணெய் வரவில்லை, தண்ணீர் வந்தது.

பிளாரன்ஸ் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குளா," என்றாள். "அன்னைக்குப் பொறவு இந்த வண்டிய நான் கடல் பக்கமே விடலயே ஜீவமணி. இது அன்னைக்கு முங்கிக் கெடந்தப்ப உள்ள பூந்த தண்ணி."

என் பிடியில் கும்பா சாய்ந்தது. "ஒரு சொட்டு சிந்திராதளா," என்று கத்தினாள். தண்ணீருக்குப் பின்னால், கஞ்சி போல வெளுத்த எண்ணெய் இறங்கியது. தண்ணீரை ஒரு சீசாவில் ஊற்றி இறுக மூடிய பிறகுதான் புது எண்ணெயைத் தொட்டாள்.

செந்தூர்பாண்டியை வரச் சொல்லி ஓட்டிப் பார்த்தோம். உப்பளத்துச் சாலையில் வேகம் பிடித்தான். ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தீயளாக்கா!" என்று சிரித்தான். மடையன். பிளாரன்ஸ் திரும்பி, பின்னால் வெறும் கூடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கல்லறைத் திருநாளில் அவள் பெரிய சிலுவைப் பக்கம் திரும்பவே இல்லை. மாமியாரின் கல்லறையை ஒட்டி முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, அந்தச் சீசாவை உள்ளே வைத்தாள்.

"வண்டிக்கடியில கெடந்தது போதும். இனி ஒம்ம அம்ம பக்கத்துல படுத்துக்கிடும்."

மண்ணைத் தள்ளி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். சுடர் நிலைத்ததும், அதுவரை அழாத அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ஓ...' என்று நீளமாக, உப்பளத்துச் சாலையில் நான் கேட்ட அதே குரல். சுற்றி நின்ற ஆண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இந்தத் தடவை ஒருவனும் ஒதுங்கவில்லை.