செமாய் என்று சொல்லு

ஆகஸ்டு பிறந்துவிட்டால் லோகேஸ்வரியைக் கையில் பிடிக்க முடியாது. தீவு நகரமான ஜார்ஜ் டவுனிலிருந்து கடற்பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும் மெர்டேக்கா என்னும் சுதந்திர தினத்துக்கான பாரம்பரிய உடைப் போட்டிப் பேச்சுதான். சிப் செய்யும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் அவள் லைன் லீடர். ஒவ்வொரு லைனும் ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு இந்தியரை மேடையேற்ற வேண்டும். இந்தியர் என்றால் அவள்தான், வேறு யார்? முதல் பரிசுதான் இதுவரை கைக்கு எட்டவில்லை. இந்த வருடம் தலைமையகத்துப் பெரிய முதலாளியே வருகிறார் என்றதும் புதுப் பட்டுச்சேலை எடுத்துவிட்டாள்.

மலாய் உடையில் அவள் வருடா வருடம் நிறுத்துவது ரோஹானாவை. கேட்டால் மறுக்கத் தெரியாத பெண். போட்டியன்று காலை பஸ்ஸில் அவள் மறுத்தாள். தான் மலாய்க்காரி இல்லை, பேராக் மலைக்காட்டுச் செமாய் பூர்வகுடி என்றாள். கப்பலேறும் பலகைக்காக ஊர்க் காட்டை வெட்ட வருகிறார்களாம். அவள் அம்மா ஊராரோடு பாதையை மறித்து உட்கார்ந்திருக்கிறாராம். மேடையில் தன் இனத்து ஆளாகவே நின்று ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. முகத்தைப் பார்த்துத் தானே ஒரு முடிவு கட்டி, இத்தனை வருடம் ஒருநாளும் கேட்டதில்லையே!

மலாய் உடைக்குத் தன் லைனில் வேலை செய்யும் ஹஸ்ருலைப் பிடித்துவிட்டு, போட்டியை நடத்தும் தனேஷிடம் ஓடினாள். மூன்று பேர்தான், நாலாவது ஆளுக்கு இடமில்லை என்று அவன் கைவிரித்தான்.

"அப்ப என் இடத்த அவளுக்குக் குடு."

"இந்தியர் இல்லன்னா உங்க லைன் தோத்துரும்லா, அக்கா."

"தோக்கட்டும் தம்பி. நம்மள இந்த நாட்டு ஆளு இல்லன்னு எவனாச்சும் சொன்னா எனக்கு எப்படி எரியும்? அவ இந்த மண்ணுக்கு முத ஆளு. அவளையே நான் வேற ஆளா நிக்க வெச்சிருக்கேன்."

சாப்பாட்டு நேரத்தில் காவலாளியிடம் கெஞ்சி, வாசல் தென்னையில் குருத்தோலை வெட்டினாள். கல்யாணத் தோரணம் பின்னிப் பழகிய கை வேகமாக மடித்தது. ரோஹானா சிரித்துக்கொண்டே அதைப் பிரித்து, தங்கள் வழக்கப்படி தலைப்பட்டையாகப் பின்னினாள்.

மேடையில் தனேஷ் மைக்கைப் பிடித்து, "மலாய், சீனர், மற்றவர்" என்று மலாயில் அறிவித்தான்.

"செமாய்னு சொல்லு தம்பி!" கூட்டத்திலிருந்து வந்த குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் பெரிய முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சொன்னான். ஓலைப் பட்டையோடு ரோஹானா முன்னே வந்து "உலு செந்தாய்" என்று தன் ஊர்ப் பெயரைச் சொன்னபோது லோகேஸ்வரி விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் கூரை அதிர்ந்தது.

முதல் பரிசு அடுத்த லைனுக்குப் போனது. அன்று மாலை, கட்டாத சேலையை மடியில் வைத்துக்கொண்டு லோகேஸ்வரி பாலம் நெடுக "உலு செந்தாய், உலு செந்தாய்" என்று கத்திக்கொண்டே வந்தாள். பாதிப் பாலத்தில் பஸ் முழுக்கக் கத்தியது. ரோஹானா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். மறுமுனையில், மறியலில் அவள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.