இனிப் புதுப் பாட்டு வராது

போடியிலிருந்து மலைக்கு ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களில் என் தங்கை பொன்னுமணியைப் போல் வேலை சுத்தம் யாருக்கும் கிடையாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. செடியடியில் குனிந்து காய்ச்சரத்தைத் தூக்கினால் விளைந்த காய் மட்டும்தான் அவள் கைக்கு வரும். பிஞ்சு அப்படியே நிற்கும். அவள் கூடையைக் கங்காணிகூடக் கிளறிப் பார்ப்பதில்லை.

அவளுக்கு ஒரே மகள் அமுதா. பதினொரு வயதாகிறது. பிறவியிலேயே பேச்சில்லை, நடையுமில்லை. பிள்ளையின் அப்பன் கேரளாவுக்கு வேலைக்கென்று போனவன்தான், திரும்பவில்லை. தங்கை மலைக்குப் போனால் அமுதாவைப் பார்த்துக்கொள்வது நான்.

அமுதாவுக்குச் சோறு ஊட்டுவது லேசில்லை. பல்லைக் கடித்துக்கொள்வாள். பாடகி மரகதவல்லியின் குரல் கேட்டால் மட்டும் வாய் திறப்பாள். வேறு யார் பாடினாலும் கிடையாது. அதிலும் ஒரு சங்கடம், ஒரே பாட்டைச் சில மாதம் கேட்டால் அவளுக்குச் சலித்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அந்தப் பாட்டை எத்தனை முறை போட்டாலும் பலிக்காது. அவர் முன்பு பாடியதெல்லாம் இப்படியே தீர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று சலிப்பதற்குள் எப்படியும் மரகதவல்லி புதிதாக ஒன்று பாடியிருப்பார். அதைப் போனில் இறக்கிக்கொண்டு வருகிற அன்று, பொன்னுமணி தெருவிலிருந்தே, "அக்கா, புதுசு வந்துருச்சு!" என்று கத்துவாள்.

மரகதவல்லியை அவள் ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். வீரபாண்டித் திருவிழாக் கச்சேரியில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் நின்று.

கார்த்திகையில் மரகதவல்லி மாரடைப்பில் இறந்துபோனார். மலையிலிருந்து இறங்கி வந்த பொன்னுமணி நேராகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். துக்க வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது, காரியம் முடிகிறவரை வேலைக்கும் போவதில்லை என்றாள்.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு ஜக்கம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏண்டி, அந்தம்மா ஒனக்குச் சின்னாத்தா மொறையா, மதினி மொறையா? சொன்னா நானும் ஒரு பாட்டம் அழுதுட்டுப் போவேன்ல."

"எனக்குச் சோலி கெடக்கு மதினி. போங்க."

"வாய்க்கரிசி போட மெட்ராசுக்குப் பஸ்சு ஏறலையாக்கும்?"

பொன்னுமணி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அன்று முழுக்க அமுதா வாய் திறக்கவில்லை. பாலைப் புகட்டினால் துப்பினாள். உதடு வெடித்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாட்டப் போடுடி."

"எழவு வீட்டுலயா?"

"நம்ம ஐயா செத்தன்னைக்கு மட்டும் பிள்ளையப் பட்டினியா போட்டோம்? பக்கத்து வீட்டுல வச்சுப் பாட்டப் போட்டு ஊட்டலையா?"

"அன்னைக்குப் பாட அவுக இருந்தாகக்கா."

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவளத் தூக்கிக்கிட்டு கொட்டகுடி ஆத்துப் பாலத்துல போயி நின்னது ஒனக்குத் தெரியாது. ஒரு தடவ இல்ல. அடுத்த பாட்டு வரட்டும், இன்னும் கொஞ்ச நாளைக்குத் திம்பான்னு நெனச்சுத்தான் திரும்பி வந்தேன். இனிமே எத நெனச்சுத் திரும்புவேன்?"

அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் நான். எனக்கு இது தெரியவில்லை.

பானைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அமுதாவுக்கு இன்னும் சலிக்காத பாட்டு ஒன்றே ஒன்றுதான் அதில் இருந்தது. பொன்னுமணி அதைப் போட்டாள். பிள்ளை சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தது. வாய் திறந்தது. இவள் ரசச்சோற்றைப் பிசைந்து பிசைந்து ஊட்டினாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, துடைக்காமல் ஊட்டினாள்.

வாசலில் ஜக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "துக்கம் அம்புட்டுத்தானா?" என்றாள். பொன்னுமணியின் முகத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டாள்.

இப்போது பொன்னுமணி மலைக்குப் போகிறாள். சாயங்காலம் அமுதாவை ஜக்கம்மாளிடம் விட்டுவிட்டு, ஜீப் நிற்கிற இடத்துக்கு நானே போய் அவளைக் கூட்டி வருகிறேன். பாட்டு சீக்கிரம் சலித்துவிடக் கூடாதென்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம்.

நேற்று மத்தியானம் பாட்டைப் போட்டேன். அமுதா திரும்பவில்லை. மறுபடி போட்டேன். வெகுநேரம் கழித்து இரண்டு வாய் வாங்கினாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் பொன்னுமணி கேட்டாள்.

"தின்னாளாக்கா?"

"தின்னா" என்றேன்.