வலது பக்கம் குத்திய பதக்கம்

காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தயாளனின் மனைவி போனில் அழைத்தார். "சார், அவரு பூட்டாரு. மூச்சு வாங்குதுன்னு வேலூருக்கு இட்டுகினு போனோம். ஆஸ்பத்திரி வாசலாண்டயே நின்னுடுச்சு" என்றார்.

ஆரணியில் நம் நாடகக் குழு சுதந்திர தினத்தன்று நடத்தும் போர்க்காட்சி நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு ஹவில்தார் தயாளனைத் தெரியும். மேடைக்குப் பக்கவாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். தறிக்காரக் குடும்பத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர். எல்லைச் சண்டையில் பட்ட குண்டுச் சில்லு கடைசிவரை காலிலேயே இருந்தது.

முதல் ஒத்திகைக்கு நாங்கள் ஆன்லைனில் வாங்கிய பதக்கங்களை வரிசையாகக் குத்திக்கொண்டு நின்றோம். சாகும் சிப்பாயாக நடித்த குமாருக்கு மார்பில் இடமே இல்லை. தயாளன் திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தார். "வேஷம் போடறது தப்பில்லப்பா. அந்த சிப்பாய்க்கு அன்னிக்கு இன்னா இருந்துச்சோ அத்த மட்டும் போடு. வீரப் பதக்கம் வேணாம். அத வாங்கனவங்கள்ல எத்தினியோ பேரு அத்தக் கண்ணாலயே பாக்கல" என்றார். சீருடையோடு டீக்கடைக்குப் போகக் கூடாது என்பதும் அன்றே அவர் போட்ட விதி.

அந்தப் பதக்க விதி அவரையே ஒரு நாள் சோதித்தது. பெரணமல்லூரில் நாடகம் தொடங்கும் முன் ஒரு அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். மகன் ராணுவத்தில் இறந்தவன். கையில் இருந்த துணியைப் பிரித்தார். உள்ளே அவனுடைய பதக்கங்கள்.

"இத அந்தத் தம்பிக்குப் போட்டு வுடுங்க. என் புள்ள போட்டு நான் பாக்கல. இந்தப் புள்ள மேலயாவது ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன்."

குமார் உடனே நெஞ்சை நிமிர்த்தினான். தயாளன் தடுத்தார். "அம்மா, நடிக்கிறவன் இதப் போடக் கூடாதுங்க. இது உங்களுது. செத்துப்போன சிப்பாயோட அம்மா வலது பக்கம் போட்டுக்கலாம்." நர்ஸாக நடித்த செல்வியைக் கொண்டு அந்த அம்மாவின் சேலையில் வலப்பக்கம் குத்தச் செய்தார். பிறகு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "நான் பாக்கணும்னுதான சாமி கேட்டேன். என் மேல இருந்தா நான் எப்படிப் பாப்பேன்?"

பதக்கங்களைத் தானே கழற்றித் துணியில் முடிந்துகொண்டு, நாடகம் பார்க்காமலேயே போய்விட்டார்.

அடுத்த வாரம் தயாளன் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். குமாரைக் கூட்டி வருவதாகவும், வீட்டுக்குள்ளேயே ஒரு முறை அவனுக்குப் போட்டு அவர் பார்க்கட்டும் என்றும் சொல்லத்தான் போனார். அந்த அம்மா எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "ஏரியில போட்டுட்டேங்க. யாரும் போடக் கூடாதுன்னா அது எதுக்கு வூட்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் தயாளன், "ரூல்ஸ் சரிதான் சார். நான் சொன்ன நேரந்தான் தப்பு. மொதல்ல பக்கத்துல உக்காந்து அந்தப் பையனப் பத்திக் கேட்டிருக்கணும்" என்றார். சில மாதங்களில் அந்த அம்மாவும் இறந்துபோனார்.

தயாளன் விதியை மாற்றவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு நாடகத்துக்கு முன்பும் பார்வையாளர்களிடையே போய், "ராணுவத்துல புள்ளயக் குடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். யாராவது கையைத் தூக்கினால், நாடகம் முடியும்வரை அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்போது மேடையை அவர் பார்த்ததே இல்லை. போன வருடம் மூச்சிரைக்க, நின்று நின்று கேட்டார்.

நண்பர்களே, அவர் சொல்லிக்கொடுத்த விதிகள் நம் எல்லோருக்கும் பொது. எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியை. இந்த ஆகஸ்டில் அதைக் கேட்டுக்கொண்டு நான் மேடையிலிருந்து இறங்கிப் போவேன். யாரும் கையைத் தூக்கக் கூடாதே என்றுதான் இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.