ஸ்பிரிட்டால் துடைத்த மூலை

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. துகள் இயற்பியல் சோதனைகளுக்கான கலோரிமீட்டர் ஒன்றை அங்கே செய்து சோதித்துக்கொண்டிருந்தோம். ஈயத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் இருக்கும். துகள் பாய்ந்தால் இழைகள் மின்னும். அந்த ஒளியைக் கொண்டு துகளின் ஆற்றலை அளப்போம். இழை முனைகளைக் கண்ணாடிபோல் தேய்த்து முடிப்பது வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோன, காட்டில் கடுக்காய் பொறுக்கும் மலைக்குடியில் பிறந்த ஒரு பெண்ணின் வேலை. அவளைப்போல் சுத்தமாக வேலை செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்குக் கருவிக்கு யாரும் பொட்டு வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான். எல்லோரும் கிளம்பிய பிறகு, வெளிநாட்டுச் சோதனைக்குப் போகப்போகிற கருவியாயிற்றே என்று நானே சந்தனம் குழைத்து ஒரு மூலையில் வைத்தேன். அது இழை முனைகளில் வழிந்தது. வெட்கமும் அவசரமுமாக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஸ்பிரிட் பட்டால் அந்த பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்பு விழும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான்.

விடுமுறை முடிந்து, வானிலிருந்து விழும் மியூவான் துகள்களை வைத்துச் சோதித்தோம். அந்த மூலையில் ஒளி பாதிதான் வந்தது.

"கடுக்கா பொறுக்கற கையில கண்ணாடி வேலயக் குடுத்தா இப்படித்தான் சார்," என்றார் எங்கள் பொறியாளர். நான் சிரித்தேன்.

"ஐயா, கையுறை மாட்டாம நான் தொட்டதே இல்லீங்க. நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தீங்களே, சொல்லுங்க," என்றாள் அவள்.

"கவனம் கம்மியாயிடுச்சும்மா," என்றேன்.

அறிக்கையிலும் அவள் கையாண்டதில் பிழை என்றே எழுதினேன். அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, போன மாதம்தான் வெள்ளிமலைக்குப் போனேன். அவள் துணி தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்த என்னாண்ட சொல்லி இன்னாங்க ஆவும்? நான் தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? பேப்பர்ல எழுதனீங்களே, அங்க மாத்துங்க."

மலையிறங்கியதும் அறிக்கையைத் திருத்தச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுதினேன். இப்போது அங்கே தலைவராக இருக்கும் அதே பொறியாளர் போன் செய்தார்.

"இந்த வயசுல எதுக்கு சார் இது? அந்தக் கருவியயே ஓரங்கட்டியாச்சு."

"அறிக்கை இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப தப்பு என்னுதுன்னு என் பேரப் போட்டே அதுல சேத்துடுங்க."

திருத்திய அறிக்கையின் நகல் நேற்று வந்தது. அதை அவளிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தபாலில் அனுப்பிவிட்டேன்.